ஆளை விழுங்கும் குட்டி அணை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது யார்க்வில் என்ற சிற்றூர். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை. அதிக உயரமில்லை, மேலிருந்து துடுப்புப் போட்டு வருகிறவர் கண்ணுக்கு நீரில் ஒரு நேர்க்கோடுதான் தெரியும்.

வினை அடியில் இருந்தது. விழுந்த தண்ணீர் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே திரும்பும். நுரையில் பாதி காற்று. லைஃப் ஜாக்கெட்கூட ஒழுங்காக மிதக்காது. அகப்பட்ட மரக்கட்டை அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். 2006 மே மாதம் கயாக் படகு ஓட்டி வந்த ஒருவர் சிக்கினார். காப்பாற்ற இறங்கிய அண்ணன் தம்பி இருவரும் அவரோடு மாண்டார்கள்.

அப்புறம் அணையின் செங்குத்து முகத்தைப் படிக்கட்டாக மாற்றிக் கட்டினார்கள். படிப்படியாக இறங்கும் நீருக்குச் சுருட்டி இழுக்கும் வேகம் இல்லை. பக்கத்திலேயே படகுகளுக்கென்று தனி வாய்க்கால். கயாக்கும் கனோவும் இப்போது அதில் துள்ளிப் போகின்றன.