பெருவிரலும் குரலும்



மனிதரை மனிதர் அறிந்துகொள்வதைப் பற்றிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அதில் தேர்ந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் நிலையங்களும் இங்கே உண்டு. அப்படி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் போனேன். வாசலில் நின்று ‘அண்ணே’ என்றேன், அவ்வளவுதான். “என்ன வாத்தியாரே, தொண்டை கட்டியிருக்கு?” என்று உள்ளிருந்து உடம்பு பிடிப்பவர் கேட்டார்.

‘ரெகக்னிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு துறையார் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணினித் துறையாருக்கு அது முகத்தையும் ரேகையையும் பதிவோடு ஒப்பிடும் வேலை. மெய்யியலாருக்கு ஒருவரை ஆளாக மதித்து ஏற்பது. ஜெர்மானிய அறிஞர் ஆக்செல் ஹொன்னெத் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பை அன்பு, உரிமை, சமூக மதிப்பு என மூன்றாகப் பிரித்தார். ஏற்பு மறுக்கப்படும்போது மனிதன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பே உடைகிறது என்பது அவர் வாதம். நல்லவேளை, தமிழில் ‘அடையாளம் காணுதல்’ வேறு, ‘ஏற்றல்’ வேறு. ஆனால் அலுவலக முகப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மலேசிய அடையாள அட்டையான மைகார்ட் 2001இல் வந்தது. அதன் சில்லில் இரண்டு பெருவிரல் ரேகைகள் இருக்கும். ஓர் அலுவலகத்தில் அம்மாவின் விரலைக் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஈரப்படுத்தி வைத்தார், மறுபடியும் சிவப்பு விளக்கு. பக்கத்தில் மகன் நான் நிற்கிறேன்; என் சொல் அங்கே செல்லாது. உழைத்துத் தேய்ந்த விரல் என்று கருவிக்கு யார் சொல்வது?

விரல் மட்டுமல்ல, முகமும் இப்படித்தான். 2018இல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் அவை. வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகம் போனால் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. நம் நிறத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணில் வியப்பு ஒன்றுமில்லை.

முகம் படிப்பது நமக்குப் புதிதல்ல. வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்தார். 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். முன்னது அவையில் முகம் படிப்பது. பின்னதில் தலைவன் தலைவியின் கண்ணைப் படிக்கிறான். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு இந்தத் திரும்பிப் பார்த்தல்தான் முக்கியம். கேமரா பார்க்கும்; அதை யாரும் திரும்பிப் பார்த்து ஏற்பதில்லை. உடம்பு பிடிப்பவர் என் குரலை அறிந்தார். நானும் அவர் கை அழுத்தத்தை அறிந்தவன்.

பிழை விழுக்காட்டைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடுதான் என் வாதம். பதிவில் இருப்பவரை வைத்துத்தானே அந்த விழுக்காட்டைக் கணக்கிடுகிறோம்? இந்த நாட்டிலேயே பிறந்து, நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டையோடு) முதுமை அடைந்த தமிழர்கள் உண்டு. கருவி அவர்களைச் சரியாகவே அடையாளம் காணும், குடிமக்கள் அல்லர் என்று. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட தோட்டத்துப் பிள்ளையோ அந்தக் கணக்கில் ஒரு பிழையாகக்கூட வராது.