திங்கட்கிழமை ஏழு மணி பஸ்

ஊர்ப் பெரியவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளே!

மேடை ஏறும்போது ஒரு தம்பி என்னை நிறுத்தினான். பி.காம். இரண்டாம் வருஷமாம். “சார், ஊருக்கு ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்கு. எங்க போய்க் கேக்கறதுன்னுதான் தெரியலை” என்றான். கைதட்டாதீர்கள்! அவனுக்குத் தெரியவில்லை என்றால் அது நம் குற்றம். இந்தத் தெருவில் யாருக்கு என்ன தேவை என்று நாம் என்றைக்காவது பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னோமா?

இது யார் ஊர்? சென்னை சென்ட்ரலுக்கு எதிரே வழிப்போக்கர்கள் தலைசாய்க்க சித்திக் சராய் கட்டிய அப்துல் ஹக்கீம் சாகிப் ஊர்! 1918-லேயே கல்விக்குச் சங்கம் கண்ட ஊர். 1965-இல் அவர் பெயரில் கல்லூரி எழுப்பிய ஊர். தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை அவர் அள்ளிக் கொடுத்தார். பிள்ளைகளே, உங்களிடம் பணம் இல்லை, சரி. நேரம் இருக்கிறதே!

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம். வருஷத்துக்கு ஒருவருக்கு 120 மணி நேரச் சேவை. ஆயிரம் பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் மணி நேரம்! அவ்வளவு நேரமும் எங்கே போகிறது?

சொல்லட்டுமா? குழி தோண்டுவதில் போகிறது. மரக்கன்று ஒன்று, அதைப் பிடிக்கிற கை பதினாறு. போன வருஷம் நட்ட அதே குழியில் இந்த வருஷமும் நடுகிறார்கள்! யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிகிறது, அதனால்தான் சிரிக்கிறீர்கள். போட்டோவுக்கு நின்றவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், சித்திரை வெயிலில் ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்ததுண்டா? என் வயிறு எரிகிறது ஐயா!

நம்ம ஊர் பாய் ஒருவரைச் சொல்கிறேன். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். டேனரியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். திங்கட்கிழமை தவறாமல் ஏழு மணி பஸ் பிடித்து ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ் போவார். குறைதீர்க்கும் நாள் அல்லவா? கையில் மஞ்சள் பை. அதில் ஒரு கட்டு வெள்ளைத் தாள், இரண்டு பேனா, ஸ்டாம்ப் பேடு, விரல் துடைக்க ஒரு பழைய துணி. மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு பாட்டி வந்தாள். டேனரிச் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் கை தேய்ந்தவள். மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை என்று எங்கோ திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாய் மனு எழுதி முடித்து, அவள் கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்தார். ஒரு கோடு விழவில்லை. வெறும் நீலப் பொட்டு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் பக்கத்திலேயே, இந்த ரேகை எந்த வேலையில் எத்தனை வருஷத்தில் தேய்ந்தது என்று சின்ன எழுத்தில் எழுதினார். அப்புறம் அந்தத் துணியால் அவள் விரலைத் துடைத்துவிட்டார். அந்தத் துணியை என்னால் மறக்க முடியவில்லை!

மனுதானே என்று நினைக்காதீர்கள். தோல் கழிவு கெடுத்த பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது யார்? வேலூர் குடிமக்கள் நல மன்றம்! 1991-இல் போட்ட மனு, 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்று நாடு முழுக்க இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு. தோலில் சோறு சாப்பிட்ட குடும்பத்துக்காரன் நான், மனசாரச் சொல்கிறேன்.

வேலைக்கா பஞ்சம்? பார்வையில்லாத மாணவனுக்குப் பரீட்சை எழுத ஆள் வேண்டும். பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் உடம்பில் நலமும் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண் பிள்ளைகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஷூ கம்பெனிக்குப் போன தாய் இருட்டிய பிறகு வீடு வருகிறாள். அதுவரை அவள் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தர ஒரு அக்கா வேண்டும்.

ஜமாஅத்தாரே, தலைமையாசிரியர்களே, வார்டு உறுப்பினர்களே! வாரம் ஒருமுறை இந்தத் தேவைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கல்லூரி வாசலில் ஒரு கரும்பலகை போதும். எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரைப் பார்ப்பது? அவ்வளவுதான்.

அந்த பாய்க்கு இப்போது கண் மங்கிவிட்டது. போன வாரம் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை எழுதிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும்.

பி.காம். தம்பி, எங்கே நிற்கிறாய்? கையைத் தூக்கு! வருகிற திங்கட்கிழமை ஏழு மணி பஸ். நான் ஸ்டாப்பில் நிற்பேன். நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வா. ஆளுக்கு இரண்டு பேனா கொண்டு வாருங்கள்.