சிசுவின் மேனியில் எழும் செம்மறு



பிறந்தபொழுது மாசற்றிருந்த சிசுவின் கன்னத்திலோ கண்ணிமையிலோ, சில வாரங்களுக்குள் ஒரு சிவந்த புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் பருத்து, பவளத்துண்டு பதித்தாற்போல் மேலெழுந்து நிற்குமானால், அதனை ஹெமாஞ்சியோமா என்பர் வைத்தியர். இரத்தநாளங்களின் உட்புறக் கலங்கள் அளவுமீறிப் பெருகுவதால் உண்டாகும் இக்கட்டி புற்றுநோயன்று. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே நான் கடமையாற்றிய காலத்தில், நெடுந்தீவுத் தாயொருவர், “கிரகணம் பார்த்தனான் டொக்டர், அதுதான் பிள்ளைக்கு இப்பிடி” என்று கண்கலங்கினார். அன்று அவருக்கு உரைத்ததையே இன்று உங்களுக்கும் உரைக்கின்றேன்: தாய் செய்த எக்காரியமும் இதற்குக் காரணமன்று.

“தானே வற்றிவிடும், பொறுத்திருங்கள்” என்பதே முன்னாளில் எம்மவர் கூறிய ஆறுதல். பெரும்பாலானவை ஒரு வயதளவில் சுருங்கத் தொடங்கி நாலு வயதுக்குள் அடங்கிவிடுவதால் அது பொய்யன்று. ஆயினும் இமையில் வளர்வது பார்வையைக் கெடுக்கவும், உதட்டில் வளர்வது புண்ணாகிப் பால்குடியைத் தடுக்கவும், தாடையில் பரவுவதோடு சுவாசக்குழலிலும் ஒன்று மறைந்திருக்கவும் கூடுமாதலால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஆறுதல் பொருந்தாது.

இனி, என் மனத்துக்கு மிகவும் உகந்த வரலாற்றுக்கு வருகிறேன். பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில், மூக்கில் இத்தகைய கட்டியுற்ற குழந்தையொன்றுக்கு ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்துவருகையில் இருதயத் தசை தடித்துவிட, அவ்விருதயத்துக்காகப் புரொப்பிரனோலோல் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் செந்நிறம் மங்கி, அது மென்மையுற்றதைக் கண்டு வியந்தார் கிறிஸ்டீன் லெயோதே-லப்ரேஸ் என்னும் வைத்தியர். ஜேம்ஸ் பிளாக் என்னும் மேதை இருதய நோயாளர்க்கென ஆக்கிய பழைய மருந்தன்றோ அது! 2008இல் வெளியான அச்செய்தியோடு அவர்கள் அமைந்துவிடாமல், 460 சிசுக்களிடம் முறைப்படி பரீட்சித்து 2015இல் முடிவை வெளியிட்டபோது, ஆறுமாதம் மருந்துண்டோருள் நூற்றுக்கு 60 பேரிடம் கட்டி முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ மறைந்திருக்க, மருந்து கலவாத வெறும் பாகு உண்டோருள் நூற்றுக்கு 4 பேரே அந்நிலை எய்தினர். ஓர் அற்புதத்தைக் கண்டதோடு நில்லாது அதனைச் சோதித்தறிந்த அந்த நிதானத்தையே நான் விஞ்ஞானத்தின் சிறப்பெனக் கருதுகின்றேன்.

தாய்மாரே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இம்மருந்து இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கவல்லது, ஆகையால் பாலூட்டிய பின்பே கொடுங்கள், பிள்ளை பால் குடியாமலோ சத்தியெடுத்தோ இருக்கும்போது நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள்.

பிறப்பிலேயே அமைந்து, பிள்ளையோடு கூடவே வளர்ந்து, ஒருபோதும் தானே மறையாத இரத்தநாளக் கோளாறுகள் வேறு வகையின. அவற்றுக்கு இம்மருந்து உதவாது. தட்டையான செந்நிறப் படைக்கு லேசர் ஒளியும், நாளக் கட்டிகளுக்கு ஊசிவழி மருந்தும், சிலருக்குச் சிரோலிமஸ் என்னும் மாத்திரையும் பயன்படுகின்றன, விரிக்க நேரமில்லை.

ஹெமாஞ்சியோமா மிக விரைந்து வளர்வது ஐந்தாம் எட்டாம் வாரங்களுக்கிடையிலாம். சோளகம் வீசும் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல் கடப்பது எளிதன்று என்பதை அறிவேன். எனினும் வாரந்தோறும் கைபேசியில் படமெடுத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுவது எளிது. முகத்திலுள்ளதாயின், ஐந்தோ அதற்கு மேலோ இருப்பின், புண்ணானதாயின், பிள்ளைக்கு ஒரு மாதம் நிரம்புமுன்னரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பச்சிலைப் பற்றுப் போட்டுக் காத்திராதீர்கள்.