சுவரும் மூச்சு விடும்

(அறவாரியத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருப்பணி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வர்ணம்தான். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நடந்த பத்துமலைக் குடமுழுக்கை ஒட்டி, 272 படிகளும் வானவில்லாக மாறின. அவற்றைக் காண மக்கள் திரண்டார்கள். அதற்கான அனுமதி குறித்து மரபுடைமைத் துறை கேள்வியும் எழுப்பியது. வர்ணம் சாதாரண விஷயமல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்தப் படிகளுக்கு மேலே நிற்கும் மலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அது சுண்ணாம்புக்கல் மலை. நம் முன்னோர் வர்ணங்களுக்கெல்லாம் தாய், சுண்ணாம்பே. கல்லைச் சுட்டு, நீரில் நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மீண்டும் கல்லாகிறது. வெண்மைக்குச் சுண்ணாம்பு, சிவப்புக்குக் காவி மண், மஞ்சளுக்கு மஞ்சள் மண், கறுப்புக்கு விளக்குக் கரி. இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் பெரும்பாலும் இத்தகைய வர்ணங்களால் ஆனவை. பின்னாளில் அவற்றின் மேலேயே நாயக்கர் கால ஓவியங்கள் தீட்டப்பட்டன. சோழர் ஓவியம் அடியில் இருப்பது 1931இல்தான் தெரிய வந்தது. ஒருவர் செய்த உபயத்தை இன்னொருவர் உபயம் மறைத்துவிட்டது!

நம் ஊருக்கும் ஒரு மண் நிறம் உண்டு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட முனைந்தார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட களம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரே அதைச் சொல்கிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் பக்கத்துச் சிறிய ஆலயம் ஒன்றில் வர்ண உபயம் என்னுடையது. பழைய செங்கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சு. பளபளக்க வேண்டும் என்று விலையுயர்ந்த சாயத்தை நானே தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, சுவர் கொப்புளித்தது. சாயத்தோடு பழைய பூச்சும் பெயர்ந்து விழுந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். நான் பூசியது பிளாஸ்டிக் தோல். ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. வயதான பூசாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சுவரும் மூச்சு விடணும் ஐயா" என்றார். அந்த ஒரு சொல்லை இன்றும் நான் மறக்கவில்லை.

ஆகவே, உபயகாரர்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, அடுத்த திருப்பணிக்கு முன், அடியில் இருப்பது கல்லா, செங்கல்லா, சிமெண்டா என்று கேளுங்கள். சிமெண்டுச் சுதைக்குப் பொருந்தும் சாயம் சுண்ணாம்புச் சுவருக்குப் பொருந்தாது. இரண்டாவது, கருங்கல்லுக்குச் சாயம் வேண்டாம். அதன் நிறமே அதற்கு அழகு. மூன்றாவது, பழைய ஓவியமோ பூச்சோ தென்பட்டால், விவரம் அறிந்தவர் பார்க்கும்வரை வேலையை நிறுத்துங்கள்.

வீட்டுக்கும் இதுவே பொருந்தும். நம் நாட்டு வெயிலுக்கு வெளிச்சுவர் வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருந்தால் வெப்பம் குறையும். அடர்ந்த நிறங்களைச் சிறு இடங்களில் வையுங்கள். நிலைவாசலில் மஞ்சளும் குங்குமமும், வாசலில் அரிசிமாக் கோலமும் காவிக் கரையும் போதாதா? நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அறிந்த கலை அது.

நாம் கொடுக்கும் வெள்ளி கண்ணைக் கவர்வதற்கு மட்டுமன்று. கட்டடம் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்பதற்கும்தான். இறைவன் திருவருள் துணை நிற்கட்டும்.