தகடு மடிக்கும் யந்திரத்துக்கு அச்சுத் தேரும் முறை



நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தகட்டுப் பட்டறை வைக்க முற்பட்டிருக்கின்றனர். மின்சாரப் பெட்டி, அலமாரி, யந்திர மூடி முதலியன செய்து தருவது அவர்கள் எண்ணம். எண்ணம் நன்று. ஆயினும், யந்திரத்தை விலை பேசப் பத்து நாள் அலைபவர், அதில் பூட்டும் அச்சுக்களை அரை நாழிகையில் வாங்கிவிடுகின்றனர். வீட்டு நகையை அடகு வைத்துச் சேர்த்த மூலதனம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஆதலின், இவ்விஷயம் குறித்துப் பேசத் துணிந்தோம்.

பிரஸ் பிரேக் என்னும் இந்த யந்திரத்தில் மேலச்சு ஒன்று, கீழச்சு ஒன்று. பட்டறையில் இவற்றைப் பஞ்ச் என்றும் டை என்றும் வழங்குவர். கீழச்சில் ‘வி’ வடிவப் பள்ளம் இருக்கும். மேலச்சு தகட்டை அப்பள்ளத்துள் அழுத்த, தகடு மடியும். இக்காலத்து வேலையிற் பெரும்பகுதி, தகடு பள்ளத்தின் அடியைத் தொடாமலே மடிக்கப்படுவது. பள்ளத்தின் இரு விளிம்பும் மேலச்சின் முனையுமாகிய மூன்று இடங்களே தகட்டிற் படும்.

இதிலிருந்து பலரும் அறியாத உண்மை ஒன்று பெறப்படுகின்றது. மடிப்பின் உள் வளைவை நிச்சயிப்பது மேலச்சின் முனை என்றே புதியோர் நினைக்கின்றனர். அன்று, அதனைப் பெரும்பாலும் நிச்சயிப்பது கீழச்சின் பள்ள அகலமே. சாதாரண எஃகாயின், உள் வளைவின் ஆரம் பள்ள அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆகும். எவர்சில்வர் என்று நாம் வழங்கும் துருப்பிடியா எஃகாயின் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே முதலில் தேரற்பாலது கீழச்சு.

பள்ள அகலம் தகட்டின் கனத்தைப்போல் எட்டு மடங்கு என்பது பட்டறைகளில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 8, 2க்கு 16, 3க்கு 24. பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்துக்குப் பத்து மடங்கும் அதற்கு மேலும் கொள்வர். இக்கணக்கைக் குறைத்தால் வருவது யாதெனின், 3 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை 24 மில்லிமீட்டர் பள்ளத்தில் மடிக்க, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 25 டன் அழுத்தம் வேண்டும். அதே தகட்டை 16 மில்லிமீட்டர் பள்ளத்தில் இட்டால் 37 டன் வேண்டும். மூன்று மீட்டர் நீளமுள்ள 100 டன் யந்திரம் முதல் வேலையை எளிதிற் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. துருப்பிடியா எஃகுக்கு இவ்வழுத்தம் ஒன்றரை மடங்காகும்.

பள்ளத்தை மிக அகலமாக்கலும் ஆகாது. மடிக்கும் விளிம்பு பள்ள அகலத்தில் பத்தில் ஏழு பங்கேனும் நீளாவிடின் பள்ளத்துள் வழுகி விழும். 24 மில்லிமீட்டர் பள்ளத்தில் 17க்குக் குறைந்த விளிம்பு மடியாது என்க.

நிற்க. ஒரு பட்டறையில் நாம் கண்டது இது. பெட்டியின் படம் 24 மில்லிமீட்டர் பள்ளத்தை எண்ணி வரையப்பட்டது. கைவசம் இருந்ததோ 16. அதிலேயே மடித்தார்கள். வளைவு மாறவே, ஒவ்வொரு மடிப்புக்கும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக அளவு பிசகி, நான்கு மடிப்பில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற் போயிற்று. மூடி பொருந்தவில்லை. சரக்கு முழுவதும் திரும்பிற்று. கணினி பூட்டிய யந்திரமாயினும், எந்த அச்சுப் பூட்டியிருக்கின்றது என்பதை நாம் பொய்யாகச் சொன்னால் அதுவும் பொய்க் கணக்கே போடும்.

இனி மேலச்சு. மடித்த தகடு அழுத்தம் நீங்கியதும் சற்று நிமிரும் ஆதலின், 90 பாகைக்கு 88 பாகை அச்சுக் கொள்வர். துருப்பிடியா எஃகு அதிகம் நிமிருமாதலால் இன்னும் கூரியது வேண்டும். ஏற்கனவே மடித்த விளிம்பு அச்சின் உடலில் இடிக்குமாயின், வாத்தின் கழுத்துப்போல் வளைந்த அச்சு உண்டு. அது வசதியானது, ஆனால் வலிவு குறைந்தது. நேர் அச்சு தாங்கும் அழுத்தத்தை அதன்மேற் சுமத்தலாகாது.

அச்சின்மேல் மீட்டருக்கு இத்தனை டன் என்று பொறித்திருப்பர். தாய்மார்களும் இதனைக் கேட்க வேண்டுகிறோம். இது விரலும் கண்ணும் பற்றிய விஷயம். மீட்டருக்கு 100 டன் தாங்கும் அச்சிலிருந்து 100 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை எடுத்துப் பூட்டினால், அது தாங்குவது 10 டன்னே. யந்திரத்தின் முழு வலிவையும் அச்சிறு துண்டின்மேல் விட்டால் பதமேற்றிய எஃகு வெடித்துச் சிதறும். பொறிப்பில்லாத அச்சை எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க.

பழைய அச்சு வாங்குவோர் அதன் தலையையும் அளக்க வேண்டும். ஐரோப்பிய முறைத் தலை 13 மில்லிமீட்டர் தடிப்பு. அமெரிக்க முறைத் தலை அரை அங்குலம், அதாவது 12.7. வேற்றுமை அற்பமாய்த் தோன்றினும் பிடிக்கும் முறை வேறு. ஒன்றின் தாங்கியில் மற்றொன்று செவ்வனே நில்லாது. பணம் குறைந்தோர் தம் வேலைக்கு ஏற்ற இரண்டு மூன்று கீழச்சுக்களும், நேர் மேலச்சு ஒன்றும் நல்லதாக வாங்கித் தொடங்குதல் போதும். வாத்துக்கழுத்து அச்சு, வேலை வந்தபின் வரட்டும்.

3 மில்லிமீட்டர் தகட்டை 16, 24, 32 மில்லிமீட்டர் பள்ளங்களில் மடித்த மூன்று துண்டுகளை மேசைமேல் வைத்திருக்கின்றோம். மேலச்சு மூன்றுக்கும் ஒன்றே. இளைஞர்கள் வந்து ஆரமானி வைத்து உள் வளைவை அளந்து பார்க்கலாம்.