பத்தொன்பதாம் நம்பர் ரிங் ஸ்பேனர்



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஸ்பேனர் பிடிக்க வரும். அதனால அதைப் பத்தியே பேசிட்டுப் போயிடுறேன்.

எங்க குழுவில் நாலு பேர் அடிபம்பு பழுது பார்க்கப் பயிற்சி எடுத்தோம். குழுச் சேமிப்பிலிருந்து சாமான் வாங்கத் தீர்மானம் போட்டு, சந்தையில் தார்ப்பாயில் கொட்டி வித்த செட்டை விலை மலிவுன்னு வாங்கினோம். அதில் இருந்ததெல்லாம் வாய் திறந்த ஸ்பேனர்தான்.

முதல் வேலை, எங்க தெரு இந்தியா மார்க் 2 பம்பு. துருப்பிடித்த நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். ஸ்பேனரோட வாய் விரிந்து வழுக்கியது. என் கை முட்டி இரும்பில் மோதி ரத்தம். குடத்தோடு நின்ற ஒரு பெரியம்மா, "இதுக்குத்தான் ஆம்பளையக் கூப்பிடுங்கடின்னேன்" என்றார். கை வலித்ததைவிட அது அதிகமா வலித்தது. மூலை மழுங்கிய நட்டை வெட்டி எடுக்க மறுநாள் ஆனது. அதுவரை தெருவே வயல் கிணத்துக்கு நடந்தது.

குறை எங்க கையில் இல்லை, சாமானில் இருந்தது. வாய் திறந்த ஸ்பேனர் நட்டை ரெண்டு பக்கம்தான் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் சுத்தி வளைச்சுப் பிடிக்கும். இறுகின நட்டை முதலில் அசைக்க அதுதான் வேணும்.

வாங்கும்போது இதைப் பாருங்க. ஸ்பேனர் நம்பர் என்பது போல்ட்டின் கனம் இல்லை. நட்டின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலம். நம்ம பம்பில் 12 மில்லி போல்ட்டுக்கு 19 நம்பர் போடுறோம். கடைக்கு ஒரு நட்டைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க. ஆட்டம் இருக்கக் கூடாது. இஞ்ச் ஸ்பேனரை மில்லி நட்டில் போடாதீங்க. 11/16 இஞ்ச் என்பது 17.46 மில்லி, 17 நட்டில் அது வழுக்கும். உள்ளே 12 பல் இருந்தால் இடுக்கில் மாட்ட வசதி. துருப்பிடித்த நட்டுக்கு 6 மூலை உள்ளதே நல்லது. தலை கொஞ்சம் தூக்கி வளைந்திருந்தால் கை முட்டி அடிபடாது.

வேலையில், ஸ்பேனரை உங்க பக்கம் இழுங்க. தள்ளித்தான் ஆகணும்னா விரலை மடக்காம உள்ளங்கையால் தள்ளுங்க. நட்டு வரலைன்னா மண்ணெண்ணெய் விட்டுப் பொறுத்திருங்க. குழாயை மாட்டி நீட்டிக்காதீங்க, சுத்தியலால் அடிக்காதீங்க. பம்பைத் திறந்ததும் குழாய் வாயைச் சாக்கால் மூடுங்க. ஸ்பேனர் போர்வெல்லில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

முடிந்ததும் துடைத்து, லேசா எண்ணெய் தடவி, துணிப்பையில் நம்பர் வரிசையா வைங்க. விரிசல் கண்டால் பழைய இரும்புக்குப் போடுங்க. அடுப்பில் காய்ச்சி நிமிர்த்தினால் அதோட உரம் போயிடும்.

இன்னொன்று. ஒரு உறுப்பினர் வீட்டுக்காரர் வண்டிக்குன்னு வாங்கிப்போன 19 நம்பர், ஓரமெல்லாம் சுத்தியல் அடிபட்டுத் திரும்பி வந்தது. கேட்கவும் கஷ்டம், கேட்காமல் இருக்கவும் முடியலை. அன்னிக்கு ஒரு தீர்மானம் போட்டோம்: கடன் கொடுத்தால் நோட்டில் எழுதுற மாதிரி, ஸ்பேனர் வெளியே போனாலும் நோட்டில் எழுதணும், திரும்பி வந்ததும் பார்த்து வாங்கணும். மூஞ்சியைத் தூக்கினவங்களும் இப்போ கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குறாங்க.

அதே பம்பு போன கோடையில் மறுபடி நின்றது. மண்ணெண்ணெய் விட்டு, அரை மணி பொறுத்து, ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தோம். நட்டு 'டக்'குன்னு விட்டது. அந்தப் பெரியம்மா ஒண்ணும் சொல்லலை. சாக்கை எடுத்துக் குழாய் வாயை மூடினார்.