ஒரு டோனட்டும் நாலு நல்ல வார்த்தையும்

ஆசைப்பட்டு இரண்டு லட்டு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, "உனக்கெல்லாம் வெட்கமே இல்லையா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. திட்டினால் வாய் அடங்கும் என்று நம்பிக்கை.

அடங்குமா? அமெரிக்க உளவியலாளர்கள் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. கல்லூரிப் பெண்களுக்கு முதலில் ஒரு டோனட் தின்னக் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், "இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், எல்லாரும் சாப்பிடுவதுதான்" என்றார்கள். பிறகு மிட்டாய்களை வைத்து, ருசி பார்க்கச் சொன்னார்கள். எப்போதும் உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெண்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் குறைவாகவே தின்றார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம் தின்றார்கள்!

விரதம்தான் கெட்டுப்போச்சே, இனி என்ன என்கிற மனசு அது. சிலருக்கு இது ஒரு சுழலாகவே ஆகிவிடும்: தின்ற குற்ற உணர்ச்சியில் மறுநாள் பட்டினி. பட்டினி முற்றினால் மறுபடி அள்ளி அள்ளித் தின்பது, மறுபடி திட்டு. சிலர் தின்றதை வாந்தியெடுத்தே வெளியேற்றுவார்கள். இப்படி அள்ளித் தின்று வெளியேற்றிக்கொண்டே இருப்பது புலிமியா என்ற நோய். தொடர்ந்து வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். இந்த நோய் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும், ஆண்களுக்கும் வரும்.

வீட்டில் யாராவது சாப்பிட்டவுடன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.